இரண்டு பக்கமும் எழுதி வாங்கினோம்

போன மாதம் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் என் செல்போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "அம்மா, கணவன் மனைவி மனுக்களுக்கு நீங்கள் மாதிரி வாசகங்கள் எழுதி ஒரு நோட்டு வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு வாசகம்தான் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தார். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டார். கட்டைவிரலால் தட்டிச் சொல்கிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் விருதுநகர்க்காரி. பெயர் ரஹ்மத். அத்தாவுக்கு வத்தல் கமிஷன் கடை. எங்கள் தெருவிலிருந்து போலீசுக்குப் போன முதல் பெண் நான்தான். "முக்காடு போடுற பிள்ளைக்குத் தொப்பி எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "ரெண்டும் தலையில போடுறதுதானப்பா" என்று சொல்லிவிட்டு அத்தா கடையைத் திறக்கப் போய்விட்டார். பயிற்சிப் பள்ளியில் ஓடினேன், விழுந்தேன், முட்டியில் ஒரு தழும்பு மிச்சம். கையெழுத்து குண்டு குண்டாக இருந்ததால் என்னை ரைட்டர் ஆக்கினார்கள். வருகிற மனுக்களுக்கு ரசீது போடுவது, வாக்குமூலம் எழுதுவது, கோர்ட்டுக்குக் கட்டுக் கட்டி அனுப்புவது எல்லாம் ரைட்டர் வேலை. பிறகு பதவி உயர்வு வந்தும் கடைசி வரை எல்லோருக்கும் நான் ரைட்டரம்மாதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருந்தேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. நான் செய்த காரியத்துக்கு ஒரு கட்டடத்தின் பெயரைக் கெடுப்பானேன்? குடும்ப வன்முறைச் சட்டம் அப்போது வரவில்லை. வந்த மனுக்களில் வரதட்சணை இருக்கும், குடி இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் அடியில் கிடந்தது சந்தேகம்தான்.

அதற்குப் பட்டாசு வேலையின் நேரமும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மருந்து கலக்கிற ஆண்கள் விடியும்போதே கம்பெனிக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சூட்டில் மருந்தைத் தொடக் கூடாது. மதியத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். திரி வைக்கிற பெண்களும் பெட்டி போடுகிற பெண்களும் கம்பெனி வேனில் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். நடுவில் அத்தனை மணி நேரம் ஒரு ஆண்பிள்ளை டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? ஒன்று குடிப்பான், இல்லையென்றால் யோசிப்பான். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவன் மனைவி எங்களிடம் வருவாள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் தனலட்சுமி மேடம். ஒல்லியான உருவம், உரத்துப் பேசவே மாட்டார். மனுவோடு வருகிறவளுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அதைக் குடித்து முடிக்கும் வரை ஒரு கேள்வியும் கிடையாது. "தொண்டை காஞ்சவ பாதிதான் சொல்லுவா" என்பார். கணவனை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி வைப்பார். கள்ளத்தொடர்பு என்ற வார்த்தையை அவர் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. "ஏலே, பட்டம் குடுக்காதே. ஆளைச் சொல்லு, நாளைச் சொல்லு, உன் கண்ணால பாத்ததைச் சொல்லு" என்பார். முக்கால்வாசிப் பேருக்கு அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

பிறகு கணவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்பார். சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? மூன்றாவது, "இவ செத்துப் போனாத் தேவலைன்னு நெனச்சிருக்கியா?" சாதாரணமாக, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்பார். பதறிப்போய் "என்ன மேடம் இப்படிக் கேக்குறீக" என்று கோபப்படுகிறவனை நம்புவார். பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிறவனோடு அந்த மனைவியை அன்று அனுப்ப மாட்டார். அண்ணன் வீடோ அம்மா வீடோ, எங்கேயாவது ஒரு மாதம் இருக்கட்டும் என்று அனுப்பிவிடுவார். அந்தக் கேள்வியால் எத்தனை பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொரு வழக்கம், இரண்டு பக்கமும் எழுதி வாங்குவது. கணவன் இனி அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், மனைவியும் பதிலுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும். "அவன் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போனா, வீட்டுக்குப் போய் அதுக்கும் சேர்த்து அடிப்பான் ரஹ்மத். ரெண்டு பேருக்கும் பங்கு இருக்குன்னு அனுப்பு" என்பார். நான் பார்த்த வரை அது வேலை செய்தது. அதற்காகத்தான் மாதிரி நோட்டு போட்டேன். சொல்லாமல் தாய் வீட்டுக்குப் போக மாட்டேன், மாமியாரை எதிர்த்துப் பேச மாட்டேன் என்று மனைவிகளுக்கு ஏற்ற வாசகங்களைத் தனியாக எழுதி வைத்திருந்தேன்.

சிரித்த நாட்களும் உண்டு. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு பிரஸ்காரருடைய மனைவி, கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது, அத்தாட்சி இருக்கிறது என்று சுருட்டிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மேடம் மேஜையில் விரித்தார். நகை போட்ட ஒரே பெண் முகம், வரிசை வரிசையாகப் பதினாறு தடவை. சாப்பாட்டுப் பையின் அடியில் மடித்து வைத்திருந்தாராம். மேடம் அந்த மனிதரைப் பார்த்து, "பதினாறு பேரையும் எப்படிப்பா சமாளிக்கிறே?" என்றார். "ஆர்டர் மேடம். நகைக்கடைக் காலண்டர். கலர் சரியில்லாத வேஸ்ட் ஷீட்டு, கொழம்பு கொட்டாம இருக்க அடியில போட்டேன்" என்றார் அவர். அந்த அம்மாளே சிரித்துவிட்டாள். அப்போதும் இரண்டு பக்கமும் எழுதி வாங்கினோம். அவர் வேஸ்ட் ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார், அவள் சாப்பாட்டுப் பையைக் குடைய மாட்டாள். அவர்கள் இன்றும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாரீஸ்வரி விஷயத்துக்கு வருகிறேன். வெம்பக்கோட்டை தாண்டி ஒரு கிராமம். அவளும் புருஷன் கருப்பசாமியும் வேறு வேறு பட்டாசுக் கம்பெனிகளில் வேலை. அவன் மருந்து கலக்குகிறவன், அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி எப்போதும் வெள்ளியாக இருக்கும். அவள் பெட்டி போடுகிறவள். நான்காம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை. குடித்துவிட்டு அடிக்கிறான் என்று மாரீஸ்வரி மனு கொடுத்திருந்தாள். விசாரணைக்கு அழைத்திருந்த நாள் பங்குனிப் பொங்கல் சமயமாகப் போய்விட்டது. மேடமும் மற்றவர்களும் கோயில் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் நானும், வாசலில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் பெண்ணும்தான்.

இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். வேலைக்கு லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், மேடம் செய்வதை நானும் செய்ய முடியும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அவனை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். எல்லாம் அவர் மாதிரியே.

அவளுடைய இடது காது மடல் வீங்கியிருந்தது. சண்டை எதனால் என்று கேட்டேன்.

"வேன்ல முன் சீட்டுல உக்காருறேனாம், ரைட்டரம்மா. பின்னால உக்காந்தா வண்டி கெளம்பி கொஞ்ச நேரத்துல கொமட்டிட்டு வருது. ரெண்டு தடவை பக்கத்துல இருந்த அக்கா சேலையிலயே வாந்தி எடுத்துட்டேன். பொம்பளைகதான் என்னய முன்னால ஏத்தி விட்டாக. நானாப் போய் உக்காரல."

"டிரைவர் யாரு?"

"பாண்டின்னு ஒரு ஆளு. அவுககூட நான் பேசுனதே இல்ல."

கருப்பசாமியைக் கூப்பிட்டேன். "வேன் நின்னதும் சிரிச்சுக்கிட்டே எறங்குறா. முன் சீட்டுல இருந்து எறங்குறப்ப மட்டும் அப்படி என்ன சிரிப்பு? எங்கிட்ட சிரிச்சு எம்புட்டு நாளாச்சு" என்றான். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது. அதனால் மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. இவனிடம் போய் அதைக் கேட்பானேன் என்று நினைத்தேன். அவனும் நல்ல மாதிரியாகவே பேசினான். குடியை விட்டுவிடுகிறேன், கை நீட்ட மாட்டேன் என்றான்.

"உன் வீட்டம்மா என்ன எழுதிக் குடுத்தா உனக்குத் திருப்தி?" என்று அவனையே கேட்டேன்.

"பாண்டிகூட எந்தச் சங்காத்தமும் வச்சுக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அம்புட்டுதான்."

எனக்கு அது மலிவான பேரமாகத் தெரிந்தது. ஒரு வரிக்குக் குடியும் அடியும் நிற்கிறதே. உட்கார்ந்து மளமளவென்று எழுதினேன். மேற்படி வேன் டிரைவர் பாண்டி என்பவருடன் எவ்விதப் பேச்சும் தொடர்பும் இனி வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும், கணவருடன் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துவேன் என்றும், சுய நினைவுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, நான் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பம் இடுகிறேன் என்று முடித்தேன். தூண்டியது முழுக்க நான். எழுதியதும் நான். அந்தக் கடைசி வாசகத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை எழுதிப் பழகிய கை, அன்றும் நிற்காமல் எழுதிவிட்டது.

படித்துக் காட்டினேன். மாரீஸ்வரி பேனாவை வாங்கவில்லை.

"நான்தான் பேசுனதே இல்லயே. அப்புறம் எதுக்குப் பேச மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்?" என்றாள்.

படிப்பு ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். இது ஸ்டேஷனில் எல்லோரிடமும் வாங்குகிறதுதான் தாயி, வெறும் பேப்பர், பெட்டியில் கிடக்கப்போகிறது என்றெல்லாம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பேசினேன். கையெழுத்துப் போட்டுவிட்டாள். கருப்பசாமி தனக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டான். கேட்டவர்களுக்குக் கொடுப்பதும் வழக்கம். கொடுத்தேன். பதிவேட்டில் சமரசம் என்று எழுதி மூடினேன். மேடம் பந்தோபஸ்து முடிந்து கண் சிவந்து வந்தார். கட்டோடு கட்டாக அதிலும் கையெழுத்துப் போட்டார், வாசகத்தைப் படிக்கவில்லை.

ஆவணி மாதம், தீபாவளி சீசன் வேலை உச்சத்தில் இருக்கும்போது மாரீஸ்வரி தனியாக வந்தாள். அன்று கம்பெனி வேனில் ஏறாமல் நேரே இங்கே வந்திருந்தாள்.

"அந்தப் பேப்பரைத் திருப்பி வாங்கிக் குடுங்க ரைட்டரம்மா. எங்க வீட்டுக்காரரு அதைக் கண்ணாடித் தாள்ல ஒட்டிச் சட்டைப் பையிலயே வச்சிருக்காக. டீக்கடையில எடுத்துக் காட்டுறாக. போலீசுலயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்கிறாக. எங்க அண்ணன்கிட்டயும் காட்டிட்டாக. பொம்பளைக எல்லாம் என்னய ஒரு மாதிரிப் பாக்குறாக. இப்ப பின் சீட்டுலதான் வாரேன், கையில பாலித்தீன் பை வச்சுக்கிட்டு."

"அடிக்கிறானா?"

"அடிக்கல. அதான் பயமா இருக்கு."

இதைக் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடிய மனுவைத் திறக்க முடியாது, புது மனு எழுது, மேடம் இன்று கோர்ட் வேலையாகப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வா என்றேன். சரி என்றாள். மேஜையில் இருந்த சொம்பைத் தானே எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. சீசன் நேரம், லீவு கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒருநாள் மதியம் இடி மின்னலோடு வானம் இருட்டியது. இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். நாலு மணி இருக்கும். கருப்பசாமி நனைந்த சட்டையோடு படியேறி உள்ளே வந்தான். பையிலிருந்து அந்தக் கண்ணாடித் தாளை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"எழுதிக் குடுத்தபடி அவ நடக்கல, ரைட்டரம்மா. இன்னிக்கு முன் சீட்டுல உக்காந்து வந்து எறங்குனா" என்றான்.

"அவ எங்க?"

"வீட்டுல கெடக்கா."

அம்மிக் குழவி. குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது. அன்று காலையிலிருந்து மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் என்றும், நிற்க முடியாமல் தள்ளாடியவளை வேனில் வந்த பெண்கள்தான் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள் என்றும் பிறகு விசாரணையில் தெரிந்தது. கொலை வழக்கு அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனது. அவனை ஒப்படைத்துவிட்டு மேடம் கதவைச் சாத்தினார். கண்ணாடித் தாளைக் கையில் எடுத்து முதல் முறையாக முழுக்கப் படித்தார்.

"இது அவ சொன்னதா, நீ எழுதினதா?"

"நான் எழுதுனது மேடம்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நானும் படிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மாதிரி நோட்டை அன்று சாயங்காலம் கிழித்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டது அந்தப் பேப்பரைத்தான். மனைவியே போலீசில் ஒத்துக்கொண்ட தொடர்பு, மறுபடி கண்ணால் பார்த்ததும் வந்த ஆத்திரம், எனவே இது திட்டமிட்ட கொலை இல்லை, தண்டனையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்குச் சம்மன் வந்தது. அரசு வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முறைப்படி எழுதினேன், கையெழுத்து வாங்கினேன்னு சொல்லிட்டு எறங்கிருங்க. வேற எதுவும் வேண்டாம், உங்க வேலைக்கு ஆபத்து" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அதற்கு முந்தின வாரம் மாரீஸ்வரியின் அண்ணன் முனியாண்டி என் வீட்டுக்கு வந்தார். தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். குழந்தை அவரிடம்தான் வளர்ந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல கேக்குறாகம்மா, ஒங்க அம்மா எழுதிக் குடுத்தாளாமேன்னு. அவ வீட்டுக்கு வந்து எங்கிட்ட கேக்குறா. நானும் அந்தப் பேப்பரைப் பாத்துட்டுத் தங்கச்சிகூட ஆறு மாசம் பேசாம இருந்தவன்தான். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? அது நெசமா, பொய்யா? நீங்களாச்சும் கோர்ட்டுல சொல்லுவீகளா?"

தண்டனை குறைவது கூடுவது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்குச் சொல்ல ஒரு பதில் கேட்டார். அது உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது.

மேடம் அப்போது வேறு மாவட்டத்துக்கு மாறிப்போயிருந்தார். போன் செய்தேன். "உனக்கு நான் உத்தரவு போட மாட்டேன் ரஹ்மத். ரெண்டு பக்கமும் எழுதி வாங்கச் சொன்னது நான்தான். சொல்றதா இருந்தா அதையும் சேர்த்தே சொல்லு" என்றார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருப்பசாமிக்கு ஆயுள் தண்டனை. எனக்கு மெமோ, துறை விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம். மேடத்துக்கும் ஒரு கண்டனம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தீர்ப்பில் அந்தப் பேப்பரை ஏற்க முடியாது என்று எழுதியிருந்த பக்கத்தை முனியாண்டி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் கூண்டில் ஏறினேன். கருப்பசாமி எதிரே நின்றான், நகங்கள் வெளுத்திருந்தன. முனியாண்டி கதவோரம் நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், மரியாதையாகப் பேசினார். பேப்பரைக் காட்டி, கையெழுத்து மாரீஸ்வரியுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதினதுதானே?"

"இல்லைங்க ஐயா. இதுல ஒரு வரிகூட அவ சொன்னதில்ல. பாண்டிகூடப் பேசுனதே இல்லைன்னுதான் சொன்னா. கணவர் கேட்டதை வச்சு நான் எழுதினேன். ரெண்டு பக்கமும் எழுதி வாங்குறது எங்க ஸ்டேஷன் வழக்கம்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தான் சொல்லாத விஷயத்துக்கு அந்தப் பொண்ணு ஏம்மா கையெழுத்துப் போட்டா?"

"போட்டா இப்பவே வீட்டுக்குப் போயிரலாம்னு நான் சொன்னேங்க ஐயா" என்றேன்.